ஹாரிஃபிக் என்று எழுதியவள்

கொரியாவில், ஆன்சான் தொழிற்பேட்டையில் பாங் முதலாளியின் இரும்புத்தகடு அழுத்தும் ஃபேக்டரியில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் பியோ கும்ரான்தான். ஆறு வருஷம் பிரஸ் மெஷினில் குனிந்து வேலை பார்த்துக்கொண்டே, பஸ்ஸில் போகவர வார்த்தை அட்டைகளை மனப்பாடம் செய்து ஆபீஸ் மேஜைக்கு வந்து சேர்ந்தவள். ஜெர்மன் கம்பெனிக்குப் போகும் கடிதமெல்லாம் அவள் எழுதுவதுதான். எழுதியதைக் கொரிய மொழியில் வாசித்துக் காட்டுவாள். முதலாளி தலையாட்டிவிட்டு முத்திரையைக் குத்துவார்.

ஆரம்பத்தில் ஒரு கூத்து நடந்தது. சரக்கு நாலு நாள் தாமதமானதற்கு 'ஹாரிஃபிக்' என்று எழுதிவிட்டாள். அட்டையில் 'மிக மோசமான' என்றுதான் போட்டிருந்தது, பாவம், அவள் என்ன செய்வாள்! ஜெர்மனியிலிருந்து பதறியடித்துக்கொண்டு போன் வந்தது: யாராவது செத்துப்போய்விட்டார்களா? அது ரத்தமும் சதையும் சிதறிக் கிடப்பதைப் பார்த்தவர்கள் சொல்லும் சொல் என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. அப்புறம் பதினொரு வருஷம் அந்தச் சொல் பக்கமே போகவில்லை. 'வருந்துகிறோம்', 'அசௌகரியம்' என்று பூசி மெழுகுவதில் கெட்டிக்காரியாகிவிட்டாள்.

போன மார்ச்சில் மூன்றாம் நம்பர் பிரஸ், போக்-ஹி என்பவளின் வலதுகையில் நாலு விரலை எடுத்துக்கொண்டது. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சாரை, உற்பத்தி குறைகிறதென்று அணைத்துவைக்கச் சொன்னதே முதலாளிதான். மறுநாளே மெஷினைக் கழுவிவிட்டு இன்-சுக் என்ற இன்னொருத்தியை உட்காரவைத்தார்கள். சென்சார் அப்போதும் அணைந்தேதான் கிடந்தது. என்ன நெஞ்சழுத்தம்!

ஜெர்மன்காரர்கள் வருஷாவருஷம் கேட்கும் விபத்து அறிக்கைக்கு நாள் வந்தது.

"சின்னக் காயம்னு போட்டு முடிச்சிடும்மா," என்றார் பாங். "ஆர்டர் போச்சுன்னா அறுபது குடும்பம் தெருவுல நிக்கும். பாத்துக்க."

அன்று மாலை கும்ரான் ஜூஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். போக்-ஹி கட்டுப்போட்ட கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டு சிரித்தாள்.

"வர்றவங்க எல்லாம் ஒரே பாட்டுதான்க்கா. 'நல்லவேளை, இதோட போச்சு. கட்டைவிரல் இருக்கே'ன்னு. முதலாளி வந்தாரு, அவரும் அதையேதான் சொன்னாரு. நானும் ஆமாம், நல்லவேளைன்னு தலையாட்டிக்கிட்டு இருக்கேன். நீங்க என்னன்னு எழுதப்போறீங்க?"

கும்ரான் கட்டிலோரம் உட்கார்ந்தாள். "கோரம்னு எழுதட்டுமா?"

போக்-ஹியின் சிரிப்பு நின்றுபோனது. இருக்கிற கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். விபத்துக்குப் பிறகு அவள் அழுதது அதுதான் முதல்தடவை.

"ஆமாங்க்கா, கோரமாத்தான் இருந்துச்சு. ஒருத்தர்கூட அதைச் சொல்லலையே!"

காலையில் கும்ரான் முதலாளி முன்னால் நின்று அறிக்கையை வாசித்தாள். எத்தனை விரல் போயிற்று, சென்சாரை யார் அணைக்கச் சொன்னது, இப்போது அங்கே யார் உட்கார்ந்திருப்பது, ஒன்றையும் விடவில்லை. 'ஹாரிஃபிக்' என்ற இடத்துக்கு வந்ததும் கோரம் என்று கொரிய மொழியில் தெளிவாகவே சொன்னாள். முத்திரை பிடித்த முதலாளியின் கை அப்படியே நின்றது.

"வேற வார்த்தையே கெடைக்கலையா உனக்கு?"

"இருபது இருக்கு சார். எல்லாத்தையும் உங்களுக்காக எழுதித் தேய்ச்சாச்சு. நாளைக்கு இன்-சுக் கையும் போனா என்னன்னு எழுதறது?"

"குத்த மாட்டேன். போ."

"அப்ப என் பேர்லயே போகட்டும்."

அனுப்பும்போது அறுபது குடும்பமும் கண்முன் வந்து நின்றது. இருந்தும் அனுப்பிவிட்டாள். பத்தாவது நாள் ஜெர்மனியிலிருந்து ஓர் ஆள் வந்து இறங்கினான். எல்லா சென்சாரும் வேலை செய்யும்வரை ஒரு தகடும் வேண்டாம், செய்தால் ஆர்டர் தொடரும் என்று சொல்லி, கூடவே நின்று எல்லாவற்றையும் போடவைத்துவிட்டுத்தான் போனான். அவன் கார் கேட்டைத் தாண்டியதுமே முதலாளி கும்ரானைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்.

சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு அவள் பிரஸ் வரிசை வழியாக வெளியே நடந்தாள். மூன்றாம் நம்பரில், கோணலாக மாட்டிய தகட்டைச் சரிசெய்ய இன்-சுக் அவசரமாகக் கையை உள்ளே விட்டாள். இறங்கிக்கொண்டிருந்த மெஷின் சட்டென்று பாதியில் நின்றது.

இன்-சுக் அதை ஓங்கி ஓர் உதை விட்டாள். "சனியன்! தொட்டதுக்கெல்லாம் நின்னு தொலையுது. எவ பாத்த வேலையோ இது!"

கும்ரான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளுடைய வலதுகையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"நான் பாத்த வேலைதாண்டி."