அக்காவின் பிரெஞ்சும் என் தோள்துண்டும்

மாட்டுத் தரகில் என்னை ஏமாற்றியவன் திண்டிவனத்திலும் இல்லை, விழுப்புரத்திலும் இல்லை. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மாட்டின் வாயைப் பார்த்து வயசைச் சொல்வேன். விற்கிறவன் வாயைப் பார்த்து மாட்டுக்கு என்ன நோய் என்று சொல்வேன். திண்டிவனத்தில் நான் குடியிருக்கும் இந்த மாடி வீடு அப்படி வந்ததுதான்.

அந்த மாடியில் என் அக்கா இருக்கிறாள். பாண்டிச்சேரிக்காரருக்கு வாக்கப்பட்டவள். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் பாதி ஆயுசை அந்த நாட்டிலேயே கழித்தாள். மாமா போன பிறகு மகனை அங்கே விட்டுவிட்டு என்னிடம் வந்துவிட்டாள். என் வீட்டுக்காரியும் போய்ச் சேர்ந்துவிட்டதால், சாயங்காலத்தில் பேச எனக்கு அவளை விட்டால் ஆளில்லை.

கொஞ்ச நாளாக விழுப்புரத்திலிருந்து ஒரு பெண் வர ஆரம்பித்தாள். அங்கே கல்லூரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறவள், அதிலேயே மேல்படிப்பும் படிக்கிறாள். சின்ன ரெக்கார்டரை மேஜையில் வைத்துவிட்டு அக்காவைப் பிரெஞ்சில் பேச விடுவாள்.

“எதைப் பத்திம்மா பேசறீங்க?” என்று கேட்டேன்.

“எதைப் பத்தி வேணா பேசலாங்க ஐயா. என்ன சொல்றாங்கங்கிறது எனக்கு முக்கியமில்லை. வார்த்தையை எப்படி அடுக்கறாங்கங்கிறதுதான் என் படிப்பு. பிரெஞ்சுல ‘போகலை’ன்னு சொல்ல, எழுத்துல முன்னாடி ஒரு சொல்லு, பின்னாடி ஒரு சொல்லு வரணும். வாய்ப்பேச்சுல முன்னாடி இருக்கறதை விட்டுடறாங்க. அம்மாவும் விட்டுடறாங்க.”

இதுக்காக ஒருத்தி பஸ் ஏறி வருவாளா? “மாடு வேணாங்க, நடையை மட்டும் பார்த்துட்டுப் போறேன்” என்று சந்தையில் ஒருத்தன் சொன்னால், அவன்தான் வாங்க வந்தவன். எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. ரெண்டு பேர் கைமேலும் துண்டைப் போட்டு, உள்ளே விரலை எண்ணிப் பிடித்துத்தான் பேரம். வெளியே வாய் மழையைப் பற்றியும் மல்லாட்டை விளைச்சலைப் பற்றியும் என்னவோ பேசும். இந்தப் பெண்ணுக்கு அந்த ரெக்கார்டர்தான் துண்டு என்று பிடித்துவிட்டேன். அக்கா மகன் அனுப்பிய ஆள். நைசாகப் பேசி அக்காவைக் கிளப்பிக்கொண்டு போகப் பார்க்கிறாள்.

அடுத்த முறை மாடியிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ‘மொன் ஃப்ரேர்’ என்று ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. அது வரும்போதெல்லாம் அக்கா என் பக்கம் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.

“அதென்னம்மா அது?”

“‘என் தம்பி’ன்னு அர்த்தங்க ஐயா. பேச்சுல ‘என் தம்பி, அவன்’னு ரெண்டு தரம் சொல்வாங்க. எனக்கு ரொம்ப உபயோகம்.”

“என்னைப் பத்தி என்னாத்துக்குப் பேச்சு?”

“அதை அம்மாதாங்க சொல்லணும்.”

அக்காவிடம் திரும்பினேன். “உம் புள்ளதானே இவங்கள அனுப்பினான்?”

“அவனுக்கு இவ யாருன்னே தெரியாதுடா. அவன் போன்லயே கூப்பிட்டுக்கினுதான் இருக்கான். எனக்கும் போய் வரணும்னு இருக்கு. உங்கிட்ட சொன்னா குதிப்பே. இவகிட்ட சொன்னா பேஜாரு இல்ல. நான் அழுதாகூட, எந்தச் சொல்லு முன்னாடி வந்துச்சுன்னுதான் பார்ப்பா.”

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்துகொண்டாள்.

அக்கா போனால் திரும்புவாளா? கேட்டால் “வந்துடுவேன்” என்பாள். வாய்ப்பேச்சை நான் என்றைக்கு நம்பினேன்? துண்டை எடுத்து அவள் கைமேல் போட்டேன். எங்கப்பாவும் தரகர்தான். சின்ன வயசில் நாங்கள் புளியங்கொட்டைக்கு இப்படிப் பேரம் பேசி விளையாடினவர்கள். “விரலுக்கு ஒரு மாசம்” என்றேன். அக்கா என் அஞ்சு விரலையும் சேர்த்துப் பிடித்தாள். உதறிவிட்டு அவள் விரல் ஒன்றை மட்டும் பிடித்தேன்.

“இங்க பக்கத்துல கண்டாச்சிபுரம் போறவளுக்கே இன்னும் கொஞ்சம் நாள் கொடுப்பேடா.”

“வாயால பேசாதக்கா.”

ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்தது. அதில் என்ன விழுந்திருக்கும்? பேரம் முடிந்ததும் அந்தப் பெண் கேட்டாள்: “எவ்வளவுல முடிஞ்சுதுங்க ஐயா?”

துண்டுக்குள் முடிந்ததை வெளியே சொல்கிற தரகன் நான் இல்லை. அன்றைக்கே அக்கா தன் மகனிடம் டிக்கெட் போடச் சொல்லிவிட்டாள்.

ஆனால் ஒன்று. விலை படிந்த பிறகும் அவள் என் விரலைச் சட்டென்று விடவில்லை. அப்படி விடாமல் பிடித்திருக்கிறவன் மனசில் வேறு ஒரு விலை இருக்கும். அக்கா மனசில் இருந்த மாசம் கூடவா குறைவா என்று, எனக்கே இன்னும் பிடிபடவில்லை.