தாய்வீட்டு மணல்

நன்னிலத்துக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்ட மரியபுஷ்பம் பிறந்தது குமரிக் கடற்கரையில். அங்கே மணல் கறுப்பு. அந்த மணலில் இயற்கையாகவே கதிர்வீச்சு கொஞ்சம் அதிகம் என்பார்கள். அதிலேயே புரண்டு வளர்ந்தவள் அவள். வேளாங்கண்ணித் திருவிழாவில் பேசி முடித்த சம்பந்தம். மாப்பிள்ளை ரெமிஜியஸ் கல்யாணம் ஆன கையோடு துபாய்க்குப் போனான். ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்கள். விமானம் ஏறாத மாப்பிள்ளைக்கு அப்போது யார் பெண் கொடுத்தார்கள்?

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது முறை. எல்வின் அங்கே பிறந்து, அந்த மணலில் தவழ்ந்துவிட்டுத்தான் நன்னிலம் வந்தான். நான்கு வயதில் ரத்தப் புற்றுநோய். அடுத்த பிறந்தநாளுக்கு அவன் இல்லை.

பழியைப் போட ஓர் இடம் வேண்டுமே. துபாயில் யாரோ சொல்லக் கேட்டு ரெமிஜியஸ் போனில் கத்தினான்: "உங்க ஊரு மண்ணுலதான் விஷம் இருக்காம். உங்கம்மா வீட்டுல கெடத்தியே என் புள்ளயக் கொன்னுட்டீங்க."

மரியபுஷ்பமும் அதை நம்பினாள். காரணமே இல்லாமல் பிள்ளை செத்தான் என்பதைவிட, மண்ணால் செத்தான் என்பது அவளுக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது. பெற்ற வயிறு அப்படித்தான், பாவம்.

அடுத்தவள் பிரின்ஸி வயிற்றில் இருந்தபோது அவள் தாய்வீட்டுப் பக்கமே போகவில்லை. குழந்தை பிறந்த பிறகு, பேத்தியைப் பார்க்க அம்மா திரேசம்மாள் இரண்டு மூன்று பஸ் மாறி வந்து சேர்ந்தாள். மகள் வாசற்படியிலேயே மறித்தாள்.

"உள்ள வராதீங்கம்மா. கொல்லைக் குழாயில குளிச்சிட்டு, என் சேலையக் கட்டிக்கிட்டு வாங்க."

"குளிச்சிட்டுத்தான மக்களே பஸ் ஏறினேன்?"

"பரவால்ல, திரும்பக் குளிங்க."

குளித்தாள். மகளின் சேலையைக் கட்டிக்கொண்டு, ஈரத்தலையோடு வந்து கை நீட்டினாள். மரியபுஷ்பம் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள், கையில் கொடுக்கவில்லை. சாயங்கால பஸ்ஸுக்கே திரேசம்மாள் கிளம்பிவிட்டாள். பெற்ற தாயிடம் இப்படி நடக்க எப்படி மனசு வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். பிள்ளையைப் புதைத்தவளிடம் போய்க் கேளுங்கள்.

மூன்று வயதில் பிரின்ஸிக்கு விடாத காய்ச்சல். தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மாள் ரத்தம் எடுத்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார். மரியபுஷ்பம் அங்கேயே உடைந்துபோய் மணல் கதையைக் கொட்டினாள்.

"அந்த மாதிரி மணல் இருக்கற ஊர்கள்ல வருஷக்கணக்கா ஆராய்ஞ்சிருக்காங்கம்மா," என்றார் டாக்டர். "மத்த ஊரைவிடப் புற்றுநோய் கூடுதல்னு தெளிவா எதுவும் தெரியல. உங்க பையனுக்கு ஏன் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. மணல்தான்னு சொல்ல ஆதாரமில்ல."

காய்ச்சல் விட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்கு ஓடினாள். அவளைத் தூரத்தில் பார்த்ததும் திரேசம்மாள் வீட்டுக்குள்ளிருந்து அலறிக்கொண்டு வந்தாள்.

"பிள்ளைய எறக்காத மக்களே! மணல்ல எறக்காத!"

மரியபுஷ்பம் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். திரேசம்மாள் பொறுமையாகக் கேட்டாள்.

"டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா ஒவ்வொரு பூசையிலயும், என் பேரன நான்தான் கொன்னேன்னு சொல்லித்தான ஆண்டவர்ட்ட அழுதேன்? இனி எப்படி மக்களே மாத்திச் சொல்ல?"

பிரின்ஸி தாவி வரக் கை நீட்டினாள். திரேசம்மாள் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.