ஆமென் சொன்ன பிறகு

டென்மார்க்கில் நான் வேலை செய்யும் ஜன்னல் தொழிற்சாலையில், வாசலுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு குறையாவது எழுதி அதில் ஒட்ட வேண்டும். தரை வழுக்குகிறது, விளக்கு மங்கல், எதுவானாலும் சரி. வந்த புதிதில் மூன்று வாரம் நான் ஒன்றும் எழுதவில்லை. மேற்பார்வையாளர் மெத்தெ என்னைத் தனியே கூப்பிட்டு, ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சிரித்தேன். அவள் முகம் இன்னும் சுருங்கியது. பயந்துபோய் மறுநாள், அறுக்கும் இயந்திரத்தின் மூடி ஆடுகிறது என்று எழுதி ஒட்டினேன். உடனே இயந்திரத்தை நிறுத்தி, ஆள் வந்து மூடியை முடுக்கிவிட்டுப் போனான். மெத்தெ என் தோளைத் தட்டி "தாக்" என்றாள். நன்றி என்று அர்த்தமாம். எனக்கு அப்போது அது தெரியாது. வேலை போய்விட்டது என்று நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கும்மிடிப்பூண்டிக்காரனுக்கு வேறெப்படித் தோன்றும்? ஊரில் ஆறு வருடம் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தேன். அப்பா கூலிக்கு நடவு நட்ட வயல்மேல்தான் அந்த மில் நிற்கிறது. ஒருநாள் பழுக்கக் காய்ந்த கம்பித் துணுக்கு ஒன்று முழங்கையில் விழுந்து தோல் கழன்றது. பற்பசையைப் பூசிக்கொண்டு ஷிப்டை முடித்தேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை. "தங்கமான பையன்" என்றார் சூப்பர்வைசர் ஸ்டீபன் அண்ணன். எங்கள் சபையில் அவர் மூப்பர். அந்தப் பெயர் எனக்கு ரொம்பவும் பிடித்திருந்தது, வெட்கக்கேடு.

இங்கே முதல் குளிர்காலத்தில் பேச ஆளில்லாமல் கிறுக்குப் பிடிக்கும் போலிருந்தபோதுதான் ஊர்க்காரர்களுக்கு மின்னஞ்சலில் மடல் அனுப்ப ஆரம்பித்தேன். தினம் ஒரு வசனம், பத்து வரி ஆறுதல், சின்ன ஜெபம். இலவசம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் எழுதி, இந்திய நேரம் காலை ஐந்தரைக்குப் போய்ச் சேரும்படி வைத்துவிடுவேன். முதலில் சபைக்காரர்கள் இருபது பேர், பிறகு முந்நூறைத் தாண்டியது. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகும் கணவருக்கு அதைப் படித்துக் காட்டித்தான் அனுப்புகிறேன் என்று எங்கள் பக்கத்து ஆரணியிலிருந்து ஒரு அக்கா எழுதினார். ஸ்டீபன் அண்ணன் அதற்கும் மேலே போனார். ஷிப்டுக்கு முன்னால் மில் கேட்டில் நடக்கும் பாதுகாப்புக் கூட்டத்தை என் மடலைப் படித்து முடித்துவைப்பாராம். பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்களும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்களாம். அந்த மில்லில் வாயே திறக்காத நான் இப்போது தினமும் அங்கே பேசுகிறேன் என்று பூரித்துப் போனேன்.

போன மாசி மாதம் என் தங்கை எஸ்தர் போன் செய்தாள். அவள் புருஷன் தாஸ் அதே மில்லில்தான் இருக்கிறார். முந்தைய நாள் உருளையில் கை மாட்டி அவருக்கு இரண்டு விரல் போய்விட்டது. உருளைக்கு மூடி இல்லை. கழற்றி வைத்து மாதக்கணக்காகிறது. ஆள் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்று காண்ட்ராக்டர் சாதிக்கிறான். அழுதுவிட்டுத்தான் போன் செய்திருக்கிறாள் போல, குரல் வறண்டிருந்தது.

"காலையில கேட்டாண்ட அம்பது பேரு நின்னுக்கினு இருந்தாங்கண்ணா. மூடியப் போடு, தாசுக்கு வேலையிலதான் அடிபட்டுச்சின்னு எழுதிக் குடு, அப்பறந்தான் உள்ள வருவோம்னாங்க. ஸ்டீபன் அண்ணன் உன் மெயில எடுத்துப் படிச்சாரு. அல்லாரும் கண்ண மூடிக்கினாங்க. ஆமென் சொன்னாங்க. உள்ள போய்ட்டாங்க."

அன்றைய மடல் முறுமுறுக்காமல் இருப்பதைப் பற்றியது. அதை எழுதிய கதையையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஹீட்டர் சரியாகச் சுடவில்லை என்று வீட்டுக்காரரோடு அரைமணி நேரம் சண்டை போட்டேன். அவர் மன்னிப்புக் கேட்டு, அன்றைக்கே ஆள் அனுப்பிச் சரிசெய்தார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. எனக்கு நானே புத்தி சொல்லிக்கொள்வதாக நினைத்து, சூடான அறையில் உட்கார்ந்து, குறை சொல்லாத நாவே தேவனுக்குப் பிரியம் என்று எழுதினேன். இங்கே குறை சொல்லி வெப்பம் வாங்கிக்கொண்டேன். அங்கே உள்ளவர்களைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். என் கைமேல் எனக்கே வெறுப்பாக வந்தது.

எனக்குத் தெரியாதும்மா என்று உளறினேன்.

"தெரியும்ணா. நீ நல்லதுக்குத்தான் எழுதுவ. நாளைக்கி ஒண்ணு எழுது. கேக்கறது பாவமில்லன்னு எழுது. நான் சொன்னா யாரு கேக்கறாங்க? நீ சொன்னா கேப்பாங்க."

எழுதினேன். மறுநாளுக்கு ஏற்கனவே வைத்திருந்த மடலைத் தூக்கிவிட்டு, சும்மா இரு என்று கூட்டமே அதட்டியும் அடங்காமல் வழியோரத்தில் இயேசுவைக் கூப்பிட்டுக் கத்திய குருடனைப் பற்றி எழுதினேன். அவன் கத்தியதால்தானே ஆண்டவர் நின்றார்? அடிபட்டவன் கேட்பது அவிசுவாசம் அல்ல, மூடி இல்லாத இயந்திரத்தில் கை வைக்க மறுப்பது பாவமல்ல என்று பச்சையாகவே எழுதினேன். ஆரணி அக்கா வழக்கம்போல, ரொம்ப ஆறுதலாக இருந்தது என்று பதில் போட்டார். ஸ்டீபன் அண்ணனிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் சாயங்காலம் எஸ்தரிடம் கேட்டேன். அன்று காலை அவர் வேறொரு மடலைப் படித்தாராம். போன வருடம் நான் பொறுமையைப் பற்றி எழுதியது. முடிவில் என் பெயரையும் வாசித்தாராம். தாஸின் கூட்டாளிகள் நாலைந்து பேருடைய போனில் புது மடல் வந்து கிடந்திருக்கிறது. ஆனால் ஜெபம் நடக்கும்போது யார் போனைப் பார்ப்பார்கள்? ஆமென் சொன்ன பிறகு வெளியே நிற்பது மரியாதையில்லையே. உருளைக்கு இன்னும் மூடி போடவில்லை என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அனுப்பிய மடலைத் திரும்ப வாங்க வழியில்லை. ஸ்டீபன் அண்ணனிடம் நாலு வருடத்து மடல்கள் இருக்கின்றன. நான் இனி என்ன எழுதினாலும், எழுதாமலே விட்டாலும், அவருக்குப் பஞ்சமில்லை. விமானம் ஏறி வந்தவன் இங்கே வாரம் தவறாமல் குறை எழுதி ஒட்டுகிறான். தங்கமான பையன் ஊரிலேயே தங்கிவிட்டான். தினமும் காலையில் மில் கேட்டில் நின்று, தாஸின் கூட்டாளிகளைக் கண்ணை மூடச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.