போறன், போட்டுவாறன்

2023 ஓகஸ்ட் 12, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டரைப் போட்டுத் தாங்கியை நிரப்பினேன், செவ்வரத்தைச் செடிக்குத் தண்ணீர் விட்டேன், தேநீர் வைத்தேன். ஆறு மணிக்கு, விறாந்தையில் இருக்கும் பழைய லினக்ஸ் கணினியில் விளையாட்டுச் சேர்வரை ஓடவிட்டேன்.

விளையாடுவது நானல்ல, மனைவியும் கனடாவில் இருக்கும் அவளுடைய தங்கையும். கட்டைகளை அடுக்கி ஊர் கட்டும் விளையாட்டு. அந்தச் சேர்வர் வழியாக இருவருமாகக் கடற்கரையில் ஒரு வெளிச்சவீடு எழுப்பிக்கொண்டிருந்தார்கள். தங்கைக்குத் திங்கள் முதல் இரவு வேலை. அதன் பிறகு நேரம் ஒத்துவராது. ஞாயிறு காலை விளக்கேற்றி முடிப்பதாக ஏற்பாடு.

ஏழரைக்குத் திருநெல்வேலிச் சந்தைக்குப் புறப்பட்டேன். வெளியே போகுமுன் எல்லாவற்றையும் மூடுவது என் வழக்கம்: காஸ், குழாய், பின்கதவு. கணினியில் சேர்வர் ஓடும் கறுப்புச் சாளரம் திறந்து கிடந்தது. அதையும் மூடினேன்.

அறைக்குள்ளிருந்து மனைவியின் சத்தம் வந்தது.

"இஞ்சாருங்கோ! என்னத்தை நிப்பாட்டினீங்கள்?"

"ஒண்டையும் நிப்பாட்டேல்லை. திறந்து கிடந்ததை மூடினனான்."

மீண்டும் ஓடவிட்டபோது வெளிச்சவீடு பாதி உயரத்தில் நின்றது. அன்று காலை கட்டியதெல்லாம் போய்விட்டது. கைபேசியில் தங்கை சிரித்தாள்.

"அத்தான், உங்களை நம்பிக் கோயில் பூட்டின்ரை திறப்பைக் குடுக்கலாம், சேர்வரைக் குடுக்கேலாது. அந்தச் சாளரத்தை மூடினால் ஓடுறதும் நிண்டிடும். ஸ்கிரீன் எண்டு ஒரு புரோகிராம் இருக்கு, அதுக்குள்ளை ஓடவிடுங்கோ. பிறகு கொன்ட்ரோலும் ஏயும் சேத்து அமத்துங்கோ, அடுத்தது டி. நீங்கள் வெளியிலை வந்திடலாம், அது பின்னாலை ஓடும். வேணுமெண்டால் திரும்பப் போய்ப் பாக்கலாம்."

"இவருக்கு உப்பிடிச் சொன்னால் விளங்காது," என்றாள் மனைவி. "இஞ்சாருங்கோ, நீங்கள் 'போறன்' எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிட்டிட்டீங்கள். அவள் 'போட்டுவாறன்' எண்டு சொல்லச் சொல்லுறாள்."

உடனே விளங்கியது. எங்கள் வீட்டில் படலை தாண்டி வெளியே போகும் எவரும் 'போறன்' என்று சொல்வதில்லை; போய்விட்டுத் திரும்பி வருவோம் என்று 'போட்டுவாறன்' என்றே சொல்வோம். ஒரு துண்டுத் தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினேன்: 'மூடுதல்: போறன். கொன்ட்ரோல் ஏ, டி: போட்டுவாறன்.' அதன்படியே செய்துவிட்டுச் சந்தைக்குப் போனேன். ஒன்பதேகாலுக்குத் திரும்பியபோது சேர்வர் ஓடிக்கொண்டிருந்தது.

படுக்கப்போகுமுன் அதை நிறுத்துவதும் என் வழக்கம்தான். அன்று நிறுத்தவில்லை.

ஞாயிறு காலை மோட்டர் பிந்தியது. முதலில் ஸ்கிரீனைத் திரும்பத் திறந்தேன். நாங்கள் தூங்கிய நேரம் கனடாவில் பகல். திரையின் கடைசி வரியில் தங்கை எழுதியிருந்தாள்: 'அத்தான், சுவர் முடிஞ்சுது. விளக்குக்கு அக்காவை எழுப்புங்கோ.'

எழுப்பினேன்.