முறுக்குப் பேணியில் போன தாலிக்கொடி

போன வருடம் ஒக்டோபரில், நன்றி நாள் நீண்ட விடுமுறையில் நடந்தது இது. மொன்றியலில் இருந்து ஷாம்ப்ளேன் பாலத்தைத் தாண்டிக் கிழக்கே ஒன்றரை மணி நேரம் ஓடினால், மலையடிவாரம் முழுக்கத் திராட்சைத் தோட்டங்கள். அதற்குள்ளே ஒரு விடுதி. அங்கே நானும் இவரும் இரண்டு இரவு தங்கப் போனோம்.

இவருக்கு டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. ஊர் உலகத்தின் பெட்டிகளை எல்லாம் விடுமுறைக்கு அனுப்பி வைக்கிற மனுசன், தான் ஒருநாளும் விடுமுறை என்று போனதில்லை. எங்களுடைய பயணமென்றால் ரொறொன்ரோதான். கல்யாணவீடு, பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, இல்லாவிட்டால் செத்தவீடு. காரில் எப்போதும் ஆட்கள் நிறைந்திருப்பார்கள், மடியில் யாருடையதோ பலகாரப் பெட்டி இருக்கும். கல்யாணம் கட்டி இருபத்தைந்து வருடத்தில் நாங்கள் இருவரும் தனியாக ஓர் இடத்துக்குப் போனதே இல்லை என்று மகள்தான் கண்டுபிடித்தாள். தன் முதல் சம்பளத்தில் அறையும் எடுத்து, சாப்பாடும் சொல்லி, எனக்கு மசாஜுக்கும் பதிந்துவிட்டாள். "அம்மா, சத்தியமா ரைஸ் குக்கர் கொண்டுபோகாதேங்கோ" என்று மட்டும் கெஞ்சிக் கேட்டாள்.

சரி, பிள்ளை சொல்லிவிட்டாளே என்று ரைஸ் குக்கரை வீட்டிலேயே விட்டுவிட்டேன். ஆனால் வெறுங்கையோடு போக மனம் வருமா? பழைய பிஸ்கட் பேணி ஒன்று, அந்த நீலநிற வட்டத் தகரப் பேணி எல்லார் வீட்டிலும் இருக்கும், அது நிறைய முறுக்குச் சுட்டு எடுத்துக்கொண்டேன்.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முந்தின ஞாயிறு ஒரு கல்யாணவீடு. அதற்குப் போடவென்று வங்கி லொக்கரில் இருந்த தாலிக்கொடியை எடுத்து வந்திருந்தேன். யாழ்ப்பாணத்துத் தாலிக்கொடி தெரியும்தானே, மாடு கட்டலாம் போல மொத்தம். நான் கோட்-டெ-நெய்ஜில் ஒரு கார்டெரியில் சமையல் வேலை செய்கிறேன். கொடியைப் போட்டுக்கொண்டு அந்தக் குழந்தைகள் காப்பகத்துக்குள் போனால் வாண்டுகள் பிடித்துத் தொங்கும். அதனால் அன்றாடம் கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி மட்டும்தான். திருப்பிக் கொண்டுபோய் வைக்கிறேன், வைக்கிறேன் என்று அந்தக் கிழமை ஓடியே போய்விட்டது. வெள்ளி பின்னேரம் வங்கியும் பூட்டியாயிற்று.

வீட்டில் விட்டுவிட்டுப் போகவும் பயம். தமிழர் வீடு பூட்டிக் கிடந்தால் உள்ளே நகை இருக்கும் என்று கள்ளருக்கும் தெரியும். அதனால் நாங்கள் எங்கே போனாலும் எங்களுடைய நகையும் கூடவே வரும். கைப்பையில் வைத்தால் பறித்துக்கொண்டு ஓடுவான். சூட்கேசில் வைக்கலாமென்றால், பெட்டிகள் தவறிப்போன கதைகளை இவர் சொல்லிச் சொல்லியே எனக்குச் சூட்கேசில் நம்பிக்கை போய்விட்டது. யோசித்துப் பார்த்து, கொடியை ஒரு துணியில் முடிந்து, முறுக்குப் பேணியின் அடியில் வைத்தேன். மேலே எண்ணெய்க் கடதாசி, அதற்கு மேலே முறுக்கு. முறுக்குக் களவெடுக்க எந்தக் கள்ளன் வரப்போகிறான்?

இவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் பெற்றோல் அடிக்கிற இடத்திலேயே யாருக்காவது சொல்லிவிடுவார். அப்படி ஓர் ஓட்டைவாய்.

விடுதி அப்படி ஓர் அழகு. அறை யன்னலைத் திறந்தால் வரிசை வரிசையாகத் திராட்சை, அதற்கு அங்காலே சிவப்பும் மஞ்சளுமாய் மலை. பழம் ஆய்கிற காலம். கூடைகளோடு ஆட்கள் திரிய, ஒரு ட்ராக்டர் மெல்ல மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. "எவ்வளவு வெளி, ஒரு சத்தமும் இல்லை" என்று சொல்லிவிட்டு இவர் கட்டிலில் மல்லாந்து படுத்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, இனி என்ன செய்வது என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. சும்மா இருக்க எங்களுக்கு யாரும் பழக்கித் தரவில்லை.

பின்னேரம் வைன் சுவைத்துப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். கிளாஸைச் சுழற்றி, மணந்து, ஒரு வாய் வைத்து, பிறகு பக்கத்தில் உள்ள வாளியில் துப்ப வேண்டுமாம். நான் தொடவே இல்லை. இவர் ஒவ்வொன்றையும் சுழற்றினார், மணந்தார், அப்படியே விழுங்கினார். வாளியைக் காட்டி நான் இடித்தேன். "பிள்ளை உழைச்ச காசு. துப்புறதுக்கோ வந்தனாங்கள்?" என்றார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

பக்கத்து மேசையில் ஒரு கியூபெக் தம்பதி, எழுபது வயதிருக்கும். இவர் விழுங்குகிற அழகைப் பார்த்து அவர்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்தப் பெரியவரும் அதன் பிறகு வாளியைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாலு பேரும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டோம். இவர் ஓடிப்போய்ப் பேணியைத் தூக்கிவந்து முறுக்கு எடுத்துக் கொடுத்தார். கை அடிவரைக்கும் போகிறதா என்று நான் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன், நல்லகாலம் மேலே இருந்ததைத்தான் எடுத்தார். அந்த அம்மா ஒரு முறுக்கைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வைனுக்கு இதைவிட நல்ல சோடி இல்லை என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை, பொய் சொல்லக்கூடாது.

மறுநாள் காலை எனக்கு மசாஜ். கழுத்தில் ஒன்றும் இருக்கக்கூடாது என்றார்கள். மெல்லிய சங்கிலியையும் கழற்றி வைத்துவிட்டு, துவாய்த் துணியில் தைத்த வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு போனேன். என்ன சுகம்! இவ்வளவு காலமும் என் தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கின்றன போல. மிதந்துகொண்டு அறைக்கு வந்து, முறுக்கு ஒன்று கடிக்கலாம் என்று மேசையைப் பார்த்தால் பேணி இல்லை.

"பேணி எங்கயப்பா?"

"அது நேத்து எங்களோட முறுக்குச் சாப்பிட்ட அவைக்குக் குடுத்திட்டன். பாவம், நல்ல சனம். வெளிக்கிட்டுக்கொண்டு நிண்டவை, ஓடிப்போய்க் காருக்குள்ள குடுத்தனான். அந்த மனுசிக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமே!"

கட்டிலில் பொத்தென்று இருந்துவிட்டேன். "அதுக்குள்ள கொடி" என்று மட்டும் சொன்னேன். இவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டார்.

இரண்டு பேரும் வரவேற்பு மேசைக்கு ஓடினோம். நான் அங்கியோடும் செருப்போடும். கார்டெரியில் நாள் முழுக்கப் பிரெஞ்சு பேசுகிறவள்தான் நான், ஆனால் என்னுடையது மூன்று வயதுப் பிள்ளைகளிடம் பொறுக்கிய பிரெஞ்சு. அந்தப் பதற்றத்தில் வேறொன்றும் வரவில்லை. மேசையைத் தட்டி, "அது என்ர! திருப்பித் தா!" என்று பிரெஞ்சில் கத்தினேன். அங்கே இருந்த பிள்ளை மிரண்டு போனாள். இவர் ஆறுதலாக எடுத்துச் சொன்ன பிறகு, அவர்களுடைய விலாசம் தர முடியாது, தானே தொலைபேசியில் கூப்பிடுகிறேன் என்றாள். கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை. செய்தி விட்டாள். திரும்பவும் கூப்பிட்டாள். அப்போதும் எடுக்கவில்லை.

அறைக்குள் இருக்க முடியவில்லை. கார் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால், திராட்சை வரிசைகளுக்கு நடுவே ஆட்கள் இருந்து பார்க்க ஒரு மர வாங்கு போட்டிருந்தது. அதில் இருந்தால் றோட்டுத் தெரியும். அங்கே போய் இருந்தோம். இவர் என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன், ஏன் எனக்குச் சொல்லாமல் ஒளித்தாய் என்று. நானும் பதில் வைத்திருந்தேன், ஏன் என்னைக் கேளாமல் கொடுத்தீர்கள் என்று. அவர் கேட்கவே இல்லை. றோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் என் பதிலும் வாய்க்குள்ளேயே கிடந்தது.

அப்போது குனிந்து என்னைப் பார்த்தேன். உடம்பில் வெள்ளை, கழுத்து வெறுமை. அந்தக் கோலம் நெஞ்சில் சுருக்கென்று தைத்துவிட்டது. "இஞ்சருங்கோ, என்னைப் பாருங்கோ. வெள்ளை உடுப்பும் வெறுங் கழுத்தும். என்னப்பா இது?" என்று சொல்லிவிட்டு அழுதேன். கார்டெரிப் பிள்ளைகள் மாதிரி மூக்கால் ஓட ஓட அழுதேன்.

இவர் துள்ளி எழும்பினார். "என்ன கதை கதைக்கிறாய்! குத்துக்கல்லு மாதிரி நான் இருக்கிறன்!" என்றார், உண்மையான கோபத்தோடு. பிறகு திராட்சை வரிசைக்குள் போனார். கொடிகளைக் கம்பியோடு சேர்த்துக் கட்டுகிற பச்சைக் கயிற்றுத் துண்டுகள் கீழே கிடந்தன. ஒன்றைப் பொறுக்கினார், காற்சட்டையில் துடைத்தார், எனக்குப் பின்னால் வந்து நின்று கழுத்தில் கட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று முடிச்சு.

"விசரே உங்களுக்கு!" என்றேன். கை தானாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டது. எங்கள் கல்யாணத்தன்று கொடியின் பூட்டு, அந்தச் சுரையாணியைப் பூட்டத் தெரியாமல் இவர் தடவிக்கொண்டு நிற்க, பின்னால் நின்ற இவருடைய அக்கா, என் மச்சாள்தான் பூட்டிவிட்டார். இந்த முறை முழுக்க முழுக்க இவருடைய கைவேலை.

பழம் ஆய்ந்துகொண்டு நின்றவர்களுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள். ட்ராக்டர்க்காரர் ஹார்னை நீட்டி அடித்தார். எங்களுக்கு அதுதான் கெட்டிமேளம். அழுதுகொண்டிருந்த நான் சிரிக்கத் தொடங்கிவிட்டேன். இவரும் சிரித்தார். அடக்க முடியாத சிரிப்பு, வயிறு நோகச் சிரித்தோம். கொடி போனது போனதுதான், ஆனாலும் அந்த வாங்கில் இருந்து எழும்ப எங்களுக்கு மனம் வரவில்லை. சும்மா இருக்கத் தெரியாதவர்கள் தோளோடு தோள் சாய்ந்து கனநேரம் சும்மா இருந்தோம்.

மதியம் திரும்புகிற நேரம் அந்தச் சாம்பல் நிறக் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. பெரியவர் நிறுத்தும் முன்னரே அந்த அம்மா கதவைத் திறந்துவிட்டார். பேணியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். தொலைபேசி காரின் பின்னால் சூட்கேசுக்குள் கிடந்ததால் அவர்களுக்கு அழைப்பு ஒன்றுமே தெரியாது. தாங்களாகவே திரும்பி வந்திருக்கிறார்கள். முறுக்கைக் கடித்துக் கடித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். வீட்டுக்குக் கிட்டப் போனபோது முறுக்கு முடிந்து கை அடியில் தட்டியிருக்கிறது. துணியை அவிழ்த்துப் பார்த்து இரண்டு பேருக்கும் மூச்சு நின்றுவிட்டதாம். பெரியவர் அந்த இடத்திலேயே காரைத் திருப்பினாராம்.

நான் அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்துப் பிரெஞ்சில் நன்றி, மெர்சி, மெர்சி என்று சொல்லிக்கொண்டே நின்றேன். அவருக்கோ வேறு கவலை. முறுக்கு முழுவதையும் தின்றுவிட்டோமே, வெறும் பேணியை எப்படித் தருவது என்று வழியில் நிறுத்தி அப்பிள் வாங்கிப் பேணி நிறையப் போட்டு வந்திருந்தார். வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அவருடைய வீட்டிலும் சொல்லியிருப்பார்கள் போல.

பிறகு இது என்ன நகை என்று கேட்டார். இவர் சொன்னார். அப்படியென்றால் இப்போதே போட்டுக் காட்ட வேண்டும் என்று அந்த அம்மா பிடிவாதமாக நின்றார். கார்களுக்கு நடுவில், அதே வெள்ளை அங்கியோடு நான் நிற்க, இவர் கொடியைப் போட்டார். சுரையாணி மறுபடியும் பூட்டுப்படவில்லை. அந்த அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டு, இவரை ஒரு பக்கம் தள்ளிவிட்டுத் தானே பூட்டிவிட்டார். மொன்றியலில் எனக்கு ஒரு மச்சாள் இல்லை என்ற குறை அன்றோடு தீர்ந்தது. இப்போதும் எங்களுக்குள் வரத்துப்போக்கு உண்டு. அவருக்கென்று நான் தனியாக முறுக்குச் சுடுகிறேன், ஒவ்வொரு முறையும் அவர் முதலில் பேணியின் அடியைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

கயிற்றை வெட்டிவிடவா என்று அன்றிரவு இவர் கேட்டார். வேண்டாமென்று சொல்லி, முடிச்சோடு தலையால் கழற்றி வைத்தேன். மகளுக்கு முழுக் கதையையும் சொன்னபோது அவள் தலையில் கை வைத்தாள், "ரைஸ் குக்கரையே கொண்டுபோயிருக்கலாம், அம்மா" என்றாள்.

இப்போது கொடி லொக்கரில் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பச்சைக் கயிறு மட்டும் என் கைப்பையில், பஸ்ஸிலும் மெட்ரோவிலும் தினமும் என்னோடு வேலைக்கு வந்துபோகிறது. தொலைந்துவிடுமே என்று நான் பயந்து பயந்து ஒளித்து வைத்தது கொடியை, ஆனால் உண்மையில் தொலையக் கூடாதவர் அன்றைக்கு அந்த வாங்கில் என் பக்கத்திலேயேதான் இருந்தார் என்பதைக் கயிற்றைத் தொடும் போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.