ஊக்குக்கு ஒரு ஒன்ஸ்மோர்

எங்கள் சித்தப்பா வாயைத் திறந்து பேசி நான் கேட்டது குறைவு. ஆனால் எழுதுவார். சீப்பு, தாழ்ப்பாள், சோப்பு டப்பா என்று கண்ணில் பட்டதையெல்லாம் எதுகை மோனை இல்லாத கவிதையாக்கிவிடுவார். "துடைப்பத்த மட்டும் ஏன் விட்டுவெச்சிருக்கீங்க?" என்று அம்மா கேட்பாள். தொண்ணூறுகளில் தொம்மலூரில் எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். பேசாத மனுஷனோடு எப்படிக் குடித்தனம் செய்வது என்று சொல்லிவிட்டு, சித்தி மட்டும் தங்கவயலில் தன் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அந்தப் பொங்கலுக்கு அம்மா அவளை எப்படியோ வரவழைத்துவிட்டாள். சாயங்காலம் தெரு விழாவில் கவியரங்கம். சித்தப்பாவும் பெயர் கொடுத்திருந்தார். வரி பிடித்துப்போனால் கூட்டம் "ஒன்ஸ்மோர்" கேட்கும், கவிஞர் அதைத் திரும்பப் படிப்பார். அது கவியரங்கத்து வழக்கம். சித்தப்பாவுக்கு யார் கேட்பார்கள்? என்னைத் தயார் செய்தார். "நீ ஆரம்பிச்சா போதும் பாப்பா, மத்தவங்களும் கேப்பாங்க." எந்த வரிக்கு என்று அவர் சொல்லவில்லை. எட்டு வயதில் எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

முன்வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் சித்தி உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா மைக்கைப் பிடித்து, "ஜன்னல் கம்பியில்" என்றார். "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினேன். வழக்கப்படி திரும்பப் படித்தார். "அவள் மாட்டிவிட்டுப் போன ஊக்கு" என்றார். நான் விடவில்லை. கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. "ஊக்கு எங்க வீட்லயும் கீது குரு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதைத் திரும்பப் படித்த பிறகும் நான் மறுபடி கத்தியபோது, சித்தப்பா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வணக்கம் சொல்லி இறங்கிவிட்டார். இவ்வளவு சிரிப்பு வேறு யாருக்கும் கிடைக்கவில்லையே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் சித்தியை ரயிலேற்ற அப்பாவுடன் நானும் கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போனேன். சித்தப்பா கூச்சத்தில் வரவில்லை. அப்பா டிக்கெட் வாங்கப் போனதும் சித்தி மெல்லக் கேட்டாள்: "அந்தக் கவிதைல மீதி இன்னா பாப்பா? ஒனக்குத் தெரியுமா?"

சித்தப்பா சொல்லிப் பார்த்ததைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். ஒப்பித்தேன்.

எதையும் சேர்த்துப் பிடிக்காமல்
சும்மா துருவேறுகிறது.
வந்து எடுத்துக்கொள்,
குத்தினாலும் பரவாயில்லை.

சித்தி தாலிச்சரட்டில் தொங்கிய ஊக்குகளைக் கையில் பற்றிக்கொண்டாள். "கடைசி வரிய இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள். சொன்னேன். ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவள் ஸ்டேஷன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் சித்தப்பா வாசலிலேயே நின்றிருந்தார். "சித்தி எதனா சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல சித்தப்பா."

அவள் கேட்கத்தானே செய்தாள்? அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று விளையாடப் போய்விட்டேன். சித்தி அப்புறம் வரவில்லை. சித்தப்பா அப்புறம் கவிதை எழுதவும் இல்லை. நான் கத்தாமலே அந்தக் கவிதைக்கு ஒருத்தி ஒன்ஸ்மோர் கேட்டிருந்தாள். அது எனக்குத்தான் தெரியவில்லை.