சால்வை போர்த்திய பால்காரர்

சிலைகளைச் சுற்றிக் காட்டக் கிளம்பிய வேன் நகரத்தைத் தாண்டுவதற்குள்ளேயே கடைசி வரிசை இருக்கை நனைந்துவிட்டது. நனைத்தவர் ஒரு பெரியவர். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. முதல் சிலையருகே வேன் நின்றதும், மற்றவர்கள் இறங்கட்டும் என்று அவள் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

கதவைத் திறந்துவிட்டு வந்த டிரைவர் ஒரே ஒரு முறை இருக்கையைப் பார்த்தார். தன்னுடைய தண்ணீர் கேனை எடுத்து, மூடியைத் திருகி, இருக்கை மேல் சாவகாசமாக ஊற்றினார். பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"அடக் கடவுளே! கேன் மூடி கழண்டு போச்சு பாருங்க. பெரியவர் மேலயும் கொட்டிட்டேனே! ஐயா, மன்னிச்சுக்குங்க."

"என்னய்யா ஆளு நீ, பார்த்து வைக்கிறதில்லையா?" என்று சிவப்புக் குடை வைத்திருந்த அம்மா வெளியிலிருந்து ஒரு பிடி பிடித்தார். டிரைவர் தலையைக் குனிந்து வாங்கிக் கட்டிக்கொண்டார். தனக்கென்று வைத்திருந்த மாற்றுக் கால்சட்டையைப் பெரியவரிடம் கொடுத்தார். இருவருக்கும் முன்வரிசையில் இடம் ஒதுக்கினார். மருமகள் முந்தானையால் இருக்கையைத் துடைக்கப் போனாள்.

"சீட்டு காயணும் தங்கச்சி. போற இடத்துல எல்லாம் பின்கதவைத் திறந்து போட்டுருவோம்" என்றார் அவர். பேச்சு அதோடு முடிந்தது.

அவரை எல்லோரும் ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு மெதுவாக ஓட்டுவார். சைக்கிளில் போகிறவர் கையை ஆட்டிவிட்டு முந்திக்கொண்டு போவார். அதற்கும் காரணம் இருந்தது. இந்தச் சுற்றுலா வேனுக்கு வருவதற்கு முன்னால் பல வருஷம் அவர் ஓட்டியது பிண வண்டி. "அந்த வண்டியில வேகமா போனா சொந்தக்காரங்க மனசு தாங்காது. கால் அப்படியே பழகிப்போச்சு" என்பார். கேட்டவர் முகம் மாறினால் உடனே ஒரு சிரிப்பும் சிரிப்பார். "ஆனா ஒண்ணு. அதுல ஏறினவங்க ஒருத்தரும் இறங்கி வந்து என்கிட்ட சண்டை போட்டதில்ல."

அந்த வேலையில் அவருக்கு ஒட்டிக்கொண்ட இன்னொரு பழக்கமும் உண்டு. அவர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். அழுகிற முகத்தை வெறித்துப் பார்ப்பது தப்பு என்று அந்த நாளில் பார்வையைத் தாழ்த்திக்கொண்டவர், தாழ்த்தியபடியே நின்றுவிட்டார். ஆட்களை அவர் அடையாளம் வைப்பது குடை, பை, செருப்பு, தொப்பி என்று கையில் காலில் இருப்பதை வைத்துத்தான். வேனைக் கிளப்பும் முன் தலைகளை எண்ண மாட்டார். "சிவப்புக் குடை வந்தாச்சு. கோடு போட்ட பை வந்தாச்சு. கட்டம் போட்ட மப்ளர் எங்கப்பா?" என்று சாமான்களைத்தான் கூப்பிடுவார். இத்தனை வருஷத்தில் ஒருவரையும் விட்டுவிட்டு வந்ததில்லை.

மருமகள் அவருக்குப் பச்சைப் பை. மாமா சாம்பல் சால்வை, காக்கித் தொப்பி.

அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை பார்த்தாள். வாரத்தில் ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாளில் மாமாவை இப்படி வெளியே அழைத்து வந்ததே பெரிய சண்டைக்குப் பிறகுதான். நாத்தனார், மாமாவுக்கு மூத்த மகள், முந்தின நாள் மாலை வீட்டு வாசலிலேயே நின்று தீர்மானமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"நீ வேலைக்குப் போற, தம்பி வேலைக்குப் போறான். அப்பாவை இனிமே முதியோர் இல்லத்துலதான் விடணும். நான் பேசி வச்சாச்சு. நீ முடியும் முடியும்னு சொல்றதால பொறுத்திருக்கேன். நாளைக்கு வெளியே கூட்டிட்டுப் போற இடத்துல அவர் எங்கயாவது தொலைஞ்சாருன்னா, அப்புறம் என்கிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"சரி அண்ணி" என்றுதான் இவளால் சொல்ல முடிந்தது.

எதற்காக அவ்வளவு பிடிவாதம் என்றால், எல்லாம் அந்தக் குதிரைக்காக. மாமா வேலை பார்த்த பேருந்தின் கடைசி நிறுத்தம் நகரச் சதுக்கத்துக் குதிரைச் சிலை. நாடறிந்த ஒரு சிற்பி செய்தது. "குதிரை! குதிரை எல்லாம் இறங்கு!" என்று வாழ்நாளெல்லாம் கத்தியவர், வீட்டில் தூக்கத்திலும் கத்துவார். ஆனால் நிறுத்தம் சிலைக்குப் பின்னால் இருந்தது. ஆட்கள் இறங்கியதும் வண்டி திரும்பிவிடும். அதனால் அந்தக் குதிரையின் வாலுக்கு மேல் அவர் எதையும் பார்த்ததே இல்லை. இதை அவர் ஒரு நாள் தெளிவாக இருந்தபோது சொல்ல, இவளுக்கு மனசு கேட்கவில்லை. அந்தச் சிற்பி செய்த சிலைகளையும் அவர் பிறந்த கிராமத்தையும் ஒரே நாளில் காட்டிவிட்டு வருகிற வேன் ஒன்று இருப்பதாக அறிந்ததும் இடம் பிடித்துவிட்டாள்.

முதலில் நின்றது அந்தக் குதிரையிடம்தான். டிரைவர் சதுக்கத்துக்குள் நுழையும்போதே சின்னதாக ஒரு ஹார்ன் அடித்தார்.

"யாருக்கு அண்ணே ஹார்ன்?" என்று பயணிகளில் ஒருவர் கேட்டார்.

"குதிரைக்குத்தான். வாரா வாரம் பார்க்கிற பழக்கம். பேசாம போனா நல்லாவா இருக்கும்?"

குதிரை தலையைத் தாழ்த்தி நின்றது. முதுகில் ஆள் கிடையாது. ஏன் ஆள் இல்லை என்று யாரோ கேட்டதற்கு, "எனக்கும் தெரியாது. தாகத்துக்கு எங்கயோ இறங்கிட்டான்னு நினைச்சுக்குவேன்" என்றார் டிரைவர். மாமா கால்சட்டை மாற்றிக்கொண்டு மருமகளின் கையைப் பிடித்தபடி மெல்ல முன்பக்கம் சுற்றி வந்தார். நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்கு இவ்வளவு நல்ல முகமா?" என்றார்.

அது ஒன்றே போதும் என்று இருந்தது அவளுக்கு. கடவுளுக்கு மனசுக்குள் நன்றி சொன்னாள்.

பிறகு அணைக்கட்டின் மேல் கயிறு இழுக்கும் ஆட்களின் சிலைகளைப் பார்த்தார்கள். கல்லில் செதுக்கிய கயிற்றைத் தொட்டுப் பார்த்து, "இழுக்குறாங்க இழுக்குறாங்க, என்னத்தைன்னுதான் தெரியல. எங்க ஆபீஸ் மாதிரியே இருக்கு" என்றார் கோடு போட்ட பைக்காரர். மத்தியானம் வேன் மேட்டுப் பாதையில் ஏறிச் சிற்பி பிறந்த கிராமத்தை அடைந்தது.

சின்ன ஓட்டு வீடு. உள்ளே அவர் படுத்த கட்டில், உளிகள், சாந்தில் செய்து பார்த்த மாதிரிகள். வீட்டுக்கு எதிரே மைதானத்தின் அந்தக் கோடியில் ஒரு பெரிய மரம், அதன் கீழ் ஒரு நீள பெஞ்சு. பெஞ்சில் ஒரு வெண்கல மனிதர் உட்கார்ந்திருந்தார். சிற்பியின் அப்பா அவர். பால்காரர். மாடு மேயட்டும் என்று சட்டையில்லாமல் ஓய்வாக உட்கார்ந்திருக்கிற மாதிரி, ஆள் உயரத்துக்கு மகன் செய்து வைத்த சிலை.

மாமா அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எழுந்திருக்க மனமில்லை. மருமகளுக்கோ அந்த வீட்டை ஒருமுறை தனியாகப் பார்க்க வேண்டும் போல இருந்தது. தனக்கென்று ஒரு கால்மணி நேரம் கிடைத்துத்தான் எத்தனை நாளாயிற்று! மைதானத்தின் இந்தப் பக்கம் வேனருகே நின்ற டிரைவரிடம் வந்தாள்.

"அண்ணே, மாமா மேல ஒரு கண்ணு வச்சுக்கிறீங்களா?"

"சாம்பல் சால்வை, காக்கித் தொப்பி. தெரியுதே. நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க, தங்கச்சி."

சொன்ன வாக்கை அவர் காப்பாற்றவும் செய்தார். நடுவில் ஒரு தடவை மட்டும் முன்மூடியைத் தூக்கி இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றினார். மற்றபடி பெஞ்சை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. அவர் நின்ற பக்கத்திலிருந்து பார்த்தால் பெஞ்சில் ஒருவர் இன்னொருவரை மறைப்பார். சால்வையும் தொப்பியும்தான் தெரியும். அவை அங்கேயே இருந்தன.

"பெரியவரே, டீ குடிக்கிறீங்களா?" என்று குரல் கொடுத்தார். பதில் இல்லை. கண்ணசந்துவிட்டார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். வேறொரு வண்டியில் வந்த குடும்பம் பெஞ்சருகே நின்று சத்தம் போட்டுச் சிரித்துப் படம் எடுத்தபோது இங்கிருந்தே வாயில் விரலை வைத்துக் காட்டினார். "மெதுவா! பெரியவர் தூங்குறாரு!" அந்தக் குடும்பம் வெண்கலச் சிலையைப் பார்த்தது, டிரைவரைப் பார்த்தது. இது இந்த இடத்து மரியாதை போலும் என்று நினைத்துக்கொண்டு நுனிக்காலில் நடந்து போய்விட்டது.

மருமகள் வீட்டைப் பார்த்துவிட்டுத் தெளிந்த முகத்தோடு வந்தாள். நேரே பெஞ்சுக்குப் போனாள். மாமாவின் தோளைத் தொட்டாள். தோள் சில்லென்று இருந்தது.

சால்வைக்குள்ளே பால்காரர் உட்கார்ந்திருந்தார். தொப்பியும் அவர் தலையில் கச்சிதமாக இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

அவள் போட்ட கூச்சலில் டிரைவர் ஓடி வந்தார். ஓடுவதற்கு முன், பழக்க தோஷம், வேன் கதவுகளை அறைந்து சாத்திப் பூட்டிவிட்டே ஓடினார். பெஞ்சருகே வந்தவர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"இவ்வளவு நேரம் நான் பார்த்துட்டு இருந்தது இவரையா?"

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்ட நேரமும் இல்லை. சிவப்புக் குடை கிணற்றடிக்கு ஓடினார். கிணற்றுக்குக் கம்பி மூடி போட்டிருந்தது என்று அவர் வந்து சொன்னதும்தான் மருமகளுக்கு மூச்சே வந்தது. கோடு போட்ட பைக்காரர் சாலையில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தார். டிரைவர் வயலுக்குள் இறங்கி, "பெரியவரே! ஐயா!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார். வீட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மா கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்.

மருமகள் மைதானத்தின் நடுவில் நின்றுவிட்டாள். அண்ணியின் குரல் காதில் கேட்டது. அதைவிட, முதியோர் இல்லக் கட்டிலில் விழித்தெழுந்து "குதிரை எல்லாம் இறங்கு" என்று கத்தும் மாமாவின் குரல் கேட்டது. அங்கே அது எதற்கென்று யாருக்குத் தெரியும்? "கடவுளே, நான் எதையும் கேட்டதில்ல. இதை மட்டும் கொடு" என்று வாய்விட்டே வேண்டினாள்.

அப்போது எங்கோ தகரத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. டக், டக்.

எல்லோரும் திரும்பினார்கள். மறுபடியும் டக், டக். சத்தம் பூட்டிக் கிடந்த வேனுக்குள்ளிருந்து வந்தது.

டிரைவர் ஓடிப்போய்ச் சாவியைத் துவாரத்தில் நுழைத்தார். கதவு திறந்தது. கடைசி வரிசை ஓரத்தில், காய்ந்துபோயிருந்த அதே இருக்கையில், மாமா உட்கார்ந்திருந்தார். கையால் பக்கத்துத் தகரத்தைத் தட்டியபடி அவர்களை முறைத்தார்.

"எல்லாரும் எங்க சுத்துறீங்க? வண்டி கிளம்ப வேண்டாமா? போலாம், ரைட்!"

டிரைவர் முன்மூடிக்குள் தலையை விட்டிருந்த நேரத்தில் திறந்திருந்த பின்கதவு வழியாக ஏறியிருக்கிறார். கடைசி இருக்கைதான் அவர் இடம். வாழ்நாளெல்லாம் அங்கிருந்துதான் வண்டியைக் கிளப்பினார். காலையிலிருந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்ததால் அங்கே தேட ஒருவருக்கும் தோன்றவில்லை.

"சால்வையை ஏன் மாமா அங்க விட்டுட்டு வந்தீங்க?" அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"சட்டை இல்லாம உட்கார்ந்திருந்தான்மா, பாவம். காத்து அடிக்குது."

டிரைவர் வேனின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "சிலைகிட்ட டீ வேணுமான்னு கேட்டேன் தங்கச்சி" என்றார். சிவப்புக் குடை அம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பெஞ்சிலிருந்து சால்வையையும் தொப்பியையும் எடுத்து வரப் போன பைக்காரர், "குளிருதுன்னா கூப்பிடுங்க ஐயா" என்று பால்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

பொழுது சாயும்போது வேன் அவர்கள் தெருமுனையில் நின்றது. வாசலில் நாத்தனார் காத்திருந்தாள். மருமகளுக்கு மறைக்கத் தெரியாது. டிரைவரும் இறங்கி வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே, "தப்பு என்னோடதும்மா. முகத்தைப் பார்க்காம சால்வையைப் பார்த்துட்டு இருந்துட்டேன்" என்று தொடங்கினார். இருவருமாக நடந்ததைச் சொல்லி முடிக்கிற வரை நாத்தனார் முகம் இறுகியேதான் இருந்தது. பூட்டிய வேனுக்குள்ளிருந்து தட்டிய இடம் வந்ததும் அது மாறியது.

"கடைசி சீட்டா?" என்றாள். "எத்தனை தட்டு?"

"ரெண்டு ரெண்டா தட்டினாரு அண்ணி."

"சின்னப் பிள்ளையில அந்த சீட்டுல அவர் மடியிலதான் நான் உட்கார்ந்துட்டுப் போவேன். என்னையும் தட்டச் சொல்லுவாரு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் தொப்பியைச் சரிசெய்தாள். "அவர் எங்க தொலைஞ்சாரு? அவர் இடத்துல போய் உட்கார்ந்திருக்காரு. தொலைஞ்சது நீங்கதான், ரெண்டு பேரும்."

முதியோர் இல்லப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. மறுவாரத்திலிருந்து நாத்தனார் வாரத்தில் மூன்று நாள் பகலில் வந்து அப்பாவோடு இருந்தாள். முதல் நாள் வந்ததும், "உனக்கு வெங்காயம் நறுக்கவே தெரியல" என்று குறை சொன்னாள். மருமகளுக்கு அதைக் கேட்கவே இனிப்பாக இருந்தது. மாமா தன் கட்டிலில், தன் சனங்களுக்கு நடுவில், பிறகு சில வருஷம் கழித்து அமைதியாகக் கண்ணை மூடினார்.

டிரைவர் அவ்வப்போது தெருவில் எதிர்ப்படுவார். மருமகளின் அந்தப் பச்சைப் பை நைந்து போயிருந்தது. பிடியை இரண்டு தடவை தைத்தாள். ஆனாலும் வேறு பை எடுக்கவில்லை. எடுத்தால் அவருக்குத் தன்னைத் தெரியாமல் போய்விடுமே என்று ஒரு எண்ணம். பையைப் பார்த்ததும் அவர் சின்னதாக ஒரு ஹார்ன் அடிப்பார், குதிரைக்கு அடிக்கிற அதே ஹார்ன்.

வேனை விற்றுவிட்டு, மனைவியோடு தூரத்து ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விடுவது என்று அவர் முடிவு செய்தார். சொல்லிக்கொள்ள வந்தவர் உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே நின்று மாமாவின் படத்தைக் கும்பிட்டார். பிறகு திரும்பி, அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு மாமா குதிரையைப் பார்த்த மாதிரி, அவசரமில்லாமல் பார்த்தார்.

"பார்த்துட்டேன் தங்கச்சி" என்றார். "இனிமே நீங்க அந்தப் பையை மாத்திக்கலாம்."